கடனை அடைத்து, ஈவுத்தொகையால் செல்வம் சேர்ப்பது: முழுமையான வழிகாட்டி

ஒரு நிறுவனம் ஈட்டும் பணம் யாருக்கு எந்த வரிசையில் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டத்தாலும் ஒப்பந்தங்களாலும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஊழியர்களின் சம்பளம், சரக்கு கொடுத்தவர்களின் பாக்கி, கடன் கொடுத்தவர்களின் வட்டி, அரசின் வரி ஆகிய அனைத்தும் போன பிறகு மிஞ்சுவதிலிருந்துதான் பங்குதாரருக்கு ஈவுத்தொகை, அதாவது டிவிடெண்ட், கிடைக்கிறது. வட்டியில் ஒரு தவணை தவறினாலே நிறுவனம் கடன் தவறிய நிலைக்குப் போய்விடும். ஈவுத்தொகையை ஆண்டு முழுவதும் அறிவிக்காமலே விட்டாலும் சாதாரணப் பங்குதாரர் அதைத் தன் உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது.

வீட்டுக் கணக்கைத் திட்டமிடும்போது பலரும் கவனிக்கத் தவறுவது இந்த வேறுபாட்டைத்தான். கடன் வாங்கியவர் கொடுக்க வேண்டிய வட்டி கட்டாயமானது. அவரே பங்குதாரராக எதிர்பார்க்கும் ஈவுத்தொகை பிறரின் விருப்பத்தைச் சார்ந்தது. கட்டாயச் செலவை வைத்துக்கொண்டே விருப்ப வரவைத் துரத்தினால், ஒரு மோசமான ஆண்டு வரும்போது இரண்டும் ஒன்றுசேர்ந்து கழுத்தை நெரிக்கும். ஆகவே, நிறுவனத்தின் நிதிநிலையை எடைபோடும் அதே அளவுகோல்களால் முதலில் தன் குடும்பத்தின் நிதிநிலையை எடைபோட்டு, அந்த வரிசையிலேயே முன்னேறுவதுதான் இவ்வழிகாட்டியின் அடிப்படை. இதிலுள்ள தொகைகளுக்கு நாணயம் குறிப்பிடப்படவில்லை. விகிதங்களே முக்கியம் என்பதால் எந்த நாணயத்திலும் அவற்றைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: கடன்களின் உண்மையான வட்டியைக் கண்டறிதல்

எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நிலுவைத் தொகை, ஆண்டு வட்டி, மாதத் தவணை, எஞ்சியுள்ள காலம், வட்டி நிலையானதா மாறக்கூடியதா, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா, அடமானம் எது என்ற விவரங்கள் வேண்டும். நண்பர்களிடமும் உறவினர்களிடமும் வாங்கிய கைமாற்றும் இந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும். வட்டி இல்லை என்பதற்காக அது கடன் இல்லை என்றாகிவிடாது.

இந்த விவரங்களில் மிகுந்த கவனம் தேவைப்படுவது ஆண்டு வட்டிதான், ஏனென்றால் விளம்பரத்தில் சொல்லப்படும் விகிதமும் உண்மையில் செலுத்தும் விகிதமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1,00,000 கடன், மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு 10 சதவீத 'ஃபிளாட்' வட்டி என்றால், மொத்த வட்டி 30,000. மாதத் தவணை சுமார் 3,611. கேட்பதற்கு 10 சதவீதம் என்றாலும், அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வரும்போது வட்டி மட்டும் முழு 1,00,000-க்கும் கணக்கிடப்படுகிறது. குறையும் நிலுவையின் அடிப்படையில் மீண்டும் கணக்கிட்டால் இதே கடனின் உண்மையான ஆண்டு வட்டி கிட்டத்தட்ட 18 சதவீதம். செயலாக்கக் கட்டணத்தையும் கட்டாயக் காப்பீட்டையும் சேர்த்தால் இன்னும் உயரும். 'வட்டியில்லாத் தவணை' என்று விற்கப்படும் பொருளுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள்: ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு தள்ளுபடி கிடைக்கும் என்று கேட்டால், மறைந்திருக்கும் வட்டி வெளியே வந்துவிடும்.

பட்டியல் முடிந்ததும் இரண்டு விகிதங்களைக் கணக்கிடுங்கள். முதலாவது, ஓராண்டில் அத்தியாவசியச் செலவுகள் போக மிஞ்சும் வருமானம், ஓராண்டு வட்டியைப் போல எத்தனை மடங்கு என்பது. நிறுவனங்களை ஆராய்வோர் இதற்கு நிகரான விகிதத்தை வட்டி தாங்கும் திறன் என்பார்கள். அது 2-க்குக் கீழே போனால் அந்த நிறுவனத்தின் ஈவுத்தொகையை நம்ப மாட்டார்கள். குடும்பத்திற்கும் அதே எல்லையை வைத்துக்கொள்வதில் தவறில்லை. இரண்டாவது, எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் எத்தனை சதவீதம் என்பது. இது 40 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், பங்குச் சந்தையைப் பற்றிய பகுதியை இப்போதைக்குப் படித்துவைத்துக்கொண்டால் போதும். செயல்படுத்த வேண்டியது அடுத்த இரண்டு படிகளை மட்டுமே.

படி 2: சிறிய கையிருப்பு

கடனை அடைக்கும் வேகத்தில் கையிலிருக்கும் கடைசிக் காசையும் தவணைக்கே கட்டிவிடுபவர்கள், அடுத்த மாதம் ஒரு மருத்துவச் செலவு வந்ததும் அதே கிரெடிட் கார்டை எடுக்க வேண்டியதாகிறது. ஒரு மாத அத்தியாவசியச் செலவை முதலில் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். அதிக வட்டிக் கடன்கள் தீர்ந்த பிறகு இதை ஆறு மாதச் செலவு வரை உயர்த்தலாம். குடும்பத்தில் உங்கள் வருமானத்தைச் சார்ந்தவர்கள் இருந்தால் ஆயுள் காப்பீடும், அனைவருக்கும் மருத்துவக் காப்பீடும் இந்தப் படியிலேயே முடிக்க வேண்டியவை. அந்தக் கையிருப்பை எந்தக் காரணத்திற்காகவும் பங்குகளில் போடக் கூடாது.

படி 3: எந்தக் கடனை அடைப்பது, எதை விட்டுவைப்பது

18 சதவீத வட்டியுள்ள கடனில் 10,000 அடைத்தால், ஆண்டுக்கு 1,800 மிச்சம். இந்த 1,800 சந்தை ஏறினாலும் இறங்கினாலும் உறுதி. பெரும்பாலான நாடுகளில் இதற்கு வருமான வரியும் கிடையாது. இதற்கு எதிரே பங்குகளை வைத்துப் பார்த்தால், 1900 முதல் இன்று வரையிலான நீண்ட காலத்தில் உலகப் பங்குச் சந்தைகள், ஈவுத்தொகையையும் மறுமுதலீடு செய்த நிலையில், பணவீக்கம் போக ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவீதத்தை ஒட்டியே ஆதாயம் தந்திருக்கின்றன. அதுவும் நீண்ட காலச் சராசரிதான். இடையே பத்தாண்டுகள் ஒன்றுமே தராத காலங்களும் உண்டு. ஆபத்தே இல்லாமல் 18 சதவீதம் தரும் முதலீடு வேறெங்கும் இல்லை என்பதால், அதிக வட்டிக் கடன் இருக்கும்வரை அதை அடைப்பதே உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த முதலீடு.

கிரெடிட் கார்டு நிலுவையை இங்கே சற்று விரிவாகப் பார்ப்பது தகும். நிலுவை 1,00,000, மாத வட்டி 3 சதவீதம், வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம் என்று கொள்வோம். முதல் மாதம் 5,000 கட்டினால் 3,000 வட்டிக்குப் போய் 2,000 மட்டுமே அசலில் குறையும். அடுத்த மாதம் நிலுவை 98,000 என்பதால் வங்கி கேட்கும் தொகையும் 4,900 ஆகக் குறையும். இப்படியே குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால், ஓராண்டில் ஏறத்தாழ 53,800 கட்டியிருப்பீர்கள்; நிலுவையோ சுமார் 78,500-இல் நிற்கும். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் கிட்டத்தட்ட 30,000 பாக்கி இருக்கும். இதற்கு மாறாக, வங்கி எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் பொருட்படுத்தாமல் மாதந்தோறும் அதே 5,000-ஐக் கட்டிவந்தால் 31 மாதங்களில் கடன் முற்றாகத் தீர்ந்துவிடும். முதல் மாதத்தில் இரண்டு பேரும் கட்டிய தொகை ஒன்றுதான். கூடுதல் வருமானமோ சிறப்புத் திட்டமோ தேவைப்படவில்லை, தொகையைக் குறையவிடாமல் வைத்திருந்தது மட்டுமே வேறுபாடு. கட்டி முடிக்கும்வரை அந்த அட்டையில் புதிதாக எதையும் வாங்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. நிலுவை இருக்கும்போது வாங்கும் பொருளுக்குப் பொதுவாக வட்டியில்லாக் காலச் சலுகையும் கிடைக்காது.

பல கடன்கள் இருந்தால் அதிக வட்டியுள்ளதை முதலில் அடைப்பதா, சிறிய தொகையை முதலில் முடிப்பதா என்ற விவாதம் எப்போதும் எழும். கணக்கு முதல் முறைக்குத்தான் சாதகம். இருப்பினும் இரண்டு கடன்களின் வட்டிக்கிடையே ஓரிரு சதவீதமே வேறுபாடு என்றால், சிறியதை முடித்து ஒரு தவணையை முற்றிலும் ஒழித்துவிடுவது மாதாந்தரச் சுமையைக் குறைக்கும் என்பதால் அதிலும் நியாயம் உண்டு. வட்டி வேறுபாடு பத்துச் சதவீதம் என்றால் மனத்திருப்திக்காகச் சிறியதைத் தேர்ந்தெடுப்பது வீண் செலவு.

குறைந்த வட்டியில் ஒரே கடன் வாங்கிப் பழையவற்றை அடைப்பது நல்ல வழிதான், இரண்டு நிபந்தனைகளுடன். புதிய கடனின் காலம் பழையவற்றைவிட நீளக் கூடாது. அடுத்ததாக, காலியான கார்டுகளின் கடன் வரம்பைக் குறைத்துவிட வேண்டும். இவை இரண்டும் இல்லாவிட்டால் பழைய கடன் ஓராண்டுக்குள் புதிய கடனுக்குப் பக்கத்தில் மீண்டும் வளர்ந்து நிற்பதைப் பார்க்கலாம்.

எல்லாக் கடனையும் அடைத்த பிறகே முதலீடு என்பதும் பொருத்தமான விதி இல்லை. நீண்ட கால வீட்டுக் கடன் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடும். அதுவரை காத்திருந்தால் கூட்டு வளர்ச்சிக்கான சிறந்த ஆண்டுகள் போய்விடும். நான் பின்பற்றும் எல்லை இது: உங்கள் நாட்டு அரசின் பத்தாண்டுக் கடன் பத்திரம் தரும் வட்டியைப் பாருங்கள், அதைவிட மூன்று, நான்கு சதவீதப் புள்ளிகளுக்கு மேல் வட்டியுள்ள கடன்கள் அனைத்தும் முதலீட்டுக்கு முன்பே அடைக்க வேண்டியவை. அதற்குக் கீழே உள்ளவற்றைத் தவணைப்படி கட்டிக்கொண்டே முதலீட்டைத் தொடங்கலாம். முதலாளி உங்கள் ஓய்வூதியக் கணக்கில் சமபங்கு செலுத்தும் திட்டம் இருந்தால் மட்டும் எந்தக் கட்டத்திலும் அதை விடாதீர்கள். நீங்கள் இடும் தொகை அன்றே இரட்டிப்பாகிறது.

படி 4: ஈவுத்தொகை எப்படிச் செயல்படுகிறது

ஈவுத்தொகையைச் சும்மா வரும் பணம் என்று நினைப்பவர்கள், அது அறிவிக்கப்பட்ட செய்தி வந்ததும் பங்கை வாங்க ஓடுகிறார்கள். அதில் ஆதாயம் எதுவும் இல்லை. நிறுவனம் ஒரு குறிப்பிட்ட தேதியில் தன் பதிவேட்டில் உள்ளவர்களுக்கு மட்டுமே தருகிறது. அந்த உரிமை இல்லாமல் பங்கு கைமாறத் தொடங்கும் நாள் 'எக்ஸ்-டிவிடெண்ட்' தேதி. 100-க்கு விற்கும் பங்குக்கு 4 ஈவுத்தொகை என்றால், அந்த நாளில் விலை ஏறத்தாழ 96-இல் தொடங்கும். முந்தைய நாள் வாங்கியவர் கையில் 96 மதிப்புள்ள பங்கும் 4 ரொக்கமும் இருக்கும். அந்த 4-க்கு வரி கட்டிய பிறகு அவர் இருந்த நிலையைவிடச் சற்றுக் கீழேதான் இருப்பார்.

பொருளியலாளர்கள் மெர்ட்டன் மில்லரும் ஃபிராங்கோ மோடிக்லியானியும் 1961-இல் வெளியிட்ட ஆய்வின் வாதமும் இதை ஒட்டியதே: வரியும் பரிவர்த்தனைச் செலவும் இல்லாத சந்தையில், லாபத்தை நிறுவனம் பகிர்ந்தளித்தாலும் தன்னிடமே வைத்துக்கொண்டாலும் பங்குதாரரின் செல்வம் மாறாது. அப்படியானால் ஈவுத்தொகையை ஏன் நாட வேண்டும்? நிறுவன மேலாளர்களை நேர்கண்டு ஆராய்ந்த ஜான் லின்ட்னர் 1956-இல் எழுதியதில் அதற்கான விடையின் ஒரு பகுதி இருக்கிறது. மேலாளர்கள் ஈவுத்தொகையைக் குறைப்பதை மிகவும் வெறுக்கிறார்கள். ஆகவே நீடித்துக் கொடுக்க முடியும் என்ற நம்பிக்கை வந்த பிறகே, படிப்படியாக உயர்த்துகிறார்கள். லாபக் கணக்கை அலங்கரித்துக் காட்ட முடியும்; ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும் ரொக்கத்தைப் பங்குதாரர்களின் வங்கிக் கணக்கில் போடுவதற்கு உண்மையான பணம் வேண்டும். இருபது ஆண்டுகளாக உயர்ந்துவரும் ஈவுத்தொகை அந்த நிறுவனத்தின் தன்மையைப் பற்றி ஆண்டறிக்கையைவிட அதிகமாகச் சொல்லும். முதலீட்டாளருக்கும் ஒரு நன்மை உண்டு: விலை வீழும் ஆண்டில் வரவு தொடர்ந்தால் பயந்து விற்கும் எண்ணம் தணிகிறது.

படி 5: நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஈவுத்தொகையைப் பங்கு விலையால் வகுத்தால் கிடைப்பது ஈவு விகிதம். இந்த எண்ணைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி மேலிருந்து வாங்குவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை. 100 விலையுள்ள பங்கு 4 தந்தால் விகிதம் 4 சதவீதம். ஏதோ கெட்ட செய்தியால் விலை 50-க்கு வீழ்ந்தால், பட்டியலில் அது 8 சதவீதமாகத் தெரியும். சில மாதங்கள் கழித்து நிறுவனம் ஈவுத்தொகையைப் பாதியாகக் குறைக்கும்போது விகிதம் மீண்டும் 4 சதவீதமாகிவிடும், அதற்குள் விலை மேலும் இறங்கியிருக்கவும் கூடும். சந்தைச் சராசரியைப் போல இரண்டரை, மூன்று மடங்கு ஈவு விகிதம் உள்ள பங்கைக் கண்டால், அடுத்த ஈவுத்தொகை குறையும் என்று சந்தை கணித்திருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சோதிக்க வேண்டியவற்றில் முதலில் வருவது, லாபத்தில் எத்தனை சதவீதம் ஈவுத்தொகையாகப் போகிறது என்பது. சாதாரணத் தொழில் நிறுவனத்தில் 40 முதல் 60 சதவீதம் வரை இருப்பது வசதியான நிலை. 80 தாண்டினால் ஒரு மந்தமான ஆண்டைத் தாங்க இடமில்லை. இந்த எல்லை எல்லாத் துறைக்கும் பொருந்தாது. எடுத்துக்காட்டாக, முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டி வாடகை தரும் கட்டடங்களை வைத்திருக்கும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகள் வருமானத்தில் 90 சதவீதத்தைப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்று அமெரிக்கா, இந்தியா உட்படப் பல நாடுகளில் விதி இருக்கிறது. ஆகவே அவற்றில் அதிக விகிதம் இயல்பானதே.

லாபம் என்பது கணக்கியல் எண், ஈவுத்தொகை ரொக்கம். எனவே ரொக்க ஓட்ட அறிக்கையைத் திறந்து, செயல்பாடுகளிலிருந்து வந்த ரொக்கத்திலிருந்து இயந்திரம், கட்டடம் போன்றவற்றுக்கான மூலதனச் செலவைக் கழியுங்கள். அந்த மிச்சம் ஐந்து ஆண்டுகளாக ஈவுத்தொகையைவிடக் கூடுதலாக இருக்கிறதா? இல்லையென்றால் நிறுவனம் கடன் வாங்கியோ சொத்தை விற்றோ ஈவுத்தொகை தருகிறது. என் பார்வையில், ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் செய்ய வேண்டியது இதுதான்.

அடுத்து நிறுவனத்தின் கடன். செயல்பாட்டு லாபம் வட்டியைப் போல ஐந்து மடங்காவது இருப்பது நல்லது. அடுத்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் எவ்வளவு கடன் முதிர்வடைகிறது என்பதையும் ஆண்டறிக்கையின் குறிப்புகளில் பாருங்கள். மலிவான வட்டியில் வாங்கிய கடனை அதிக வட்டியில் புதுப்பிக்க நேரும்போது, முதலில் வெட்டப்படுவது ஈவுத்தொகைதான். வங்கிகளுக்கு இந்த வட்டிக் கணக்கு பொருந்தாது. அவற்றில் மூலதனப் போதுமை விகிதத்தையும் (கொடுத்த கடன்களின் நட்டத்தைத் தாங்க எவ்வளவு சொந்த மூலதனம் இருக்கிறது என்பது) வாராக் கடனையும் பார்க்க வேண்டும்.

பெரிய பெயர் என்பது எந்த உத்தரவாதமும் ஆகாது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் நிதி நெருக்கடியின்போது, 2009-இல், காலாண்டு ஈவுத்தொகையை 31 சென்ட்டிலிருந்து 10 சென்ட்டாகக் குறைத்தது. பின்னர் மெல்ல உயர்த்தி 24 சென்ட்டுக்குக் கொண்டுவந்து, 2017 இறுதியில் 12 சென்ட்டாகவும் 2018-இல் 1 சென்ட்டாகவும் வெட்டியது. ஷெல் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் முதல்முறையாக 2020 ஏப்ரலில், 47 சென்ட்டை 16 சென்ட்டாக்கியது. இன்டெல் 2023-இல் மூன்றில் இரண்டு பங்கு குறைத்து, 2024-இன் கடைசிக் காலாண்டிலிருந்து முழுவதுமாக நிறுத்தியது. ஆரோக்கியமான நிறுவனத்தின் ஈவுத்தொகையையும் வெளியிலிருந்து நிறுத்த முடியும்: 2020 மார்ச்சில் ஐரோப்பிய மத்திய வங்கி, தன் மேற்பார்வையிலுள்ள வங்கிகள் ஈவுத்தொகை வழங்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. மறுபுறம், கோக்க-கோலா போன்ற சில நிறுவனங்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டுதோறும் உயர்த்தி வந்திருக்கின்றன. அமெரிக்காவின் ஏறத்தாழ 500 பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 பங்குக் குறியீட்டில் குறைந்தது 25 ஆண்டுகள் தொடர்ந்து உயர்த்திய நிறுவனங்களுக்கென்றே தனிக் குறியீடு இருக்கிறது. இந்த வகைப் பட்டியல்கள் தேடலைத் தொடங்க உதவும். ஜெனரல் எலெக்ட்ரிக்கும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட நற்பெயருடன் இருந்தது என்பதை நினைவில் வைத்தே அவற்றைப் படிக்க வேண்டும்.

சொத்து விற்பனை போன்ற நிகழ்வுகளுக்காக ஒருமுறை மட்டும் தரப்படும் சிறப்பு ஈவுத்தொகையை விகிதக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். பல இணையதளங்கள் அதையும் சேர்த்தே காட்டுகின்றன.

படி 6: பரவலாக்கம்

தனிப் பங்குகளை வாங்குபவர், துறைக்கு நான்குக்கு மேல் போகாமல் 20 முதல் 25 நிறுவனங்களில் பிரித்துவைப்பது நல்லது. மொத்த ஈவுத்தொகை வரவில் எந்த ஒரு நிறுவனமும் 6, 7 சதவீதத்துக்கு மேல் தராதபடி பார்த்துக்கொண்டால், ஒன்று முழுவதுமாக நிறுத்தினாலும் ஆண்டு வரவு பெரிதாக ஆட்டம் காணாது. முதலீட்டுத் தொகையில் இந்த எல்லையைப் பார்ப்பவர்கள் அதிகம். வரவிலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிக விகிதம் தரும் பலவீனமான பங்குதான் வரவில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தின் பங்கில் பெரும்தொகையை வைக்காதீர்கள்; சம்பளமும் ஈவுத்தொகையும் ஒரே நாளில் நின்றுபோகும் அபாயம் அது.

இத்தனை அறிக்கைகளைப் படிக்க நேரமோ ஆர்வமோ இல்லாதவர்களுக்கு, ஈவுத்தொகைக் குறியீட்டைப் பின்பற்றும், அதாவது அந்தக் குறியீட்டிலுள்ள பங்குகளையே வாங்கிவைக்கும், குறைந்த கட்டண ஃபண்டு போதும். அதைத் தேர்ந்தெடுக்கும்போது, குறியீடு வெறும் உயர் விகிதத்தை வைத்துப் பங்குகளைச் சேர்க்கிறதா, நிதித்தரத்தையும் சோதிக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

படி 7: மறுமுதலீடும் வரியும்

1,00,000 முதலீடு, ஈவு விகிதம் 3 சதவீதம், ஈவுத்தொகை ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்கிறது, பங்கு விலையும் அதே வேகத்தில் ஏறுகிறது என்று கொள்வோம். முதல் ஆண்டு வரவு 3,000. இருபது ஆண்டுகள் கழித்து, வந்த ஈவுத்தொகையைச் செலவழித்துக்கொண்டே இருந்தவருக்கு ஆண்டு வரவு சுமார் 11,600. ஒவ்வொரு ஈவுத்தொகையையும் அதே பங்கில் மீண்டும் போட்டவருக்குச் சுமார் 21,000. ஈவுத்தொகைக்கு 20 சதவீத வரி கட்டி மீதியைப் போட்டவருக்கு ஏறத்தாழ 18,650. இது ஒரே சீரான வளர்ச்சியை வைத்துப் போட்ட கணக்கு. உண்மை வாழ்வில் மேடு பள்ளம் இருக்கும். ஆனாலும் இந்த மூன்று எண்களின் இடைவெளி எதனால் வருகிறது என்பதை இது சரியாகக் காட்டுகிறது.

வரி விதி நாட்டுக்கு நாடு மாறுவதால் விரிவாகச் சொல்ல இயலாது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகை முதலீட்டாளரின் வருமானத்தோடு சேர்த்து அவரவர் வரி விகிதத்தில் வரிக்கு உட்படுகிறது. சிங்கப்பூரில் உள்ளூர் நிறுவனங்கள் தரும் ஈவுத்தொகைக்குப் பங்குதாரர் வரி கட்டுவதில்லை. வெளிநாட்டுப் பங்குகளில் பிடித்தம் உண்டு: அமெரிக்க நிறுவனங்கள் வெளிநாட்டவருக்குத் தரும் ஈவுத்தொகையில் பொதுவாக 30 சதவீதம் பிடிக்கப்படும், இரு நாட்டு ஒப்பந்தம் இருந்தால் அது குறையும். உயர்ந்த வரி விகிதத்தில் இருப்பவருக்கு, சம்பாதிக்கும் ஆண்டுகளில் குறைவாக ஈந்து வேகமாக வளரும் நிறுவனங்களே பொருத்தமானவை என்று இந்த வரிக் கணக்கு சொல்லக்கூடும். அதைக் கேட்டு நடப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஈவுத்தொகையிலேயே வாழ எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கும் எளிய கணக்கு உண்டு. வரி போக 3 சதவீதம் கையில் வரும் என்றால் ஆண்டுச் செலவைப் போல சுமார் 33 மடங்கு. 4 சதவீதம் என்றால் 25 மடங்கு. இந்த எண்ணைச் சுருக்க அதிக ஈவு விகிதத்தைத் தேடுவதைவிட, தவணைகளை ஒழித்து ஆண்டுச் செலவைக் குறைப்பது பாதுகாப்பானது. 3 சதவீதக் கணக்கில், மாதம் 1,000 தவணை ஒழிந்தால் தேவைப்படும் மூலதனத்தில் 4,00,000 குறைகிறது.

படி 8: கடனும் பங்கும் சேரும் இடங்கள்

ஈவு விகிதம் 6 சதவீதம், கடன் வட்டி 5 சதவீதம், ஆகவே கடன் வாங்கிப் பங்கு வாங்கலாம் என்ற யோசனை வட்டி தாழ்ந்திருக்கும் காலங்களில் பரவும். முதலில் சொன்ன வேறுபாடு இங்கேதான் கடுமையாகக் கடிக்கும். மாறும் வட்டி உயரும்போது உங்கள் தவணை கூடும். அதே வட்டி உயர்வு, அதிகக் கடன் சுமக்கும் மின்சாரம், தொலைத்தொடர்பு, ரியல் எஸ்டேட் போன்ற ஈவுத்தொகைத் துறைகளின் பங்கு விலையையும் இறக்கும். பங்குகளையே ஈடாக வைத்து வாங்கிய கடன் என்றால், விலை இறங்கிய நாளிலேயே தரகர் கூடுதல் பணம் கேட்பார். கொடுக்காவிட்டால் உங்களைக் கேட்காமலே விற்றுவிடுவார்.

நடுத்தர வட்டியுள்ள கடன் எஞ்சியிருப்பவர்களுக்கு ஒரு வழி பயன்படும். புதிய சேமிப்பைத் திட்டப்படி முதலீட்டுக்கும், வரும் ஈவுத்தொகை முழுவதையும் கடன் அசலுக்கும் அனுப்புங்கள். பங்குகளை விற்க வேண்டியதில்லை, வரவும் செலவாகிக் கரையாது. கடன் தீர்ந்த மாதத்திலிருந்து, தவணைக்குப் போன தொகையும் ஈவுத்தொகையும் சேர்ந்து முதலீட்டுக்குத் திரும்பும். வீட்டுக் கடனில் முன்கூட்டியே கட்டும்போது தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கும்படி வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். சேமிக்கப்படும் வட்டியில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

படி 9: ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்தல்

விலையைத் தினமும் பார்ப்பதால் பயன் இல்லை. ஆண்டறிக்கைகள் வெளிவந்த பிறகு ஒருநாள் ஒதுக்கி, ஒவ்வொரு நிறுவனத்தின் ரொக்க மிச்சம், கடன், வட்டி தாங்கும் திறன் ஆகியவற்றை முந்தைய ஆண்டோடு ஒப்பிடுங்கள். அதே நாளில் உங்கள் கடன் பட்டியலையும் முதல் படியில் கணக்கிட்ட இரண்டு விகிதங்களையும் புதுப்பியுங்கள். வாங்கிய விலையின் மீது இப்போது எத்தனை சதவீதம் ஈவு வருகிறது என்ற எண்ணைப் பார்த்து மகிழலாம், முடிவெடுக்க மட்டும் அது உதவாது. இன்றைய விலையில் இந்தப் பங்கைப் புதிதாக வாங்குவேனா என்பதே சரியான கேள்வி.

ஒரு நிறுவனம் ஈவுத்தொகையைக் குறைத்தால் அன்றே விற்றுவிட வேண்டும் என்ற விதியைப் பலர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. குறைத்த பணம் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். கடனை அடைக்கப் போகிறது, ரொக்க மிச்சம் புதிய ஈவுத்தொகையை இரண்டு மடங்காவது தாங்குகிறது என்றால், மோசமான செய்தி ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டது; பொறுத்திருக்கலாம். நட்டத்தை ஈடுகட்டவே போகிறது, கடனும் ஏறுகிறது என்றால், வாங்கிய விலையை மறந்துவிட்டு விற்று, அந்தத் தொகையைப் பட்டியலில் மீதமிருக்கும் அதிக வட்டிக் கடனுக்கோ, கடன் இல்லையெனில் ஐந்தாம் படியின் சோதனைகளில் தேறிய வேறொரு நிறுவனத்துக்கோ மாற்றிவிடுங்கள்.